நடை வேகம்

கப்பலின் அலையில் பனிப்பாளங்கள் உடைந்து கரையை அரிக்கின்றனவாம். அதனால் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் இனி எல்லாக் கப்பலுக்கும் நடை வேகம்தான். சட்டம் போட்டவர்கள் கப்பலோட்டும் என்னை நினைக்கவில்லை.

முன்பெல்லாம் என் பழைய வீட்டை நான்கு நிமிடத்தில் கடந்துவிடுவேன். இப்போது இருபது நிமிடம். கண்ணாடி ஜன்னலுக்குள் என்னைப் பிரிந்த யசோவும் அவளுடைய புதுக் கணவன் நிரோஜனும் தெரிவார்கள்.

இன்று அவன் கப்பலோடு கூடவே கரையில் நடந்து வந்தான்.

"அண்ணை, ஹீட்டர் நிண்டு போச்சு. நீங்கள் எந்தப் பக்கம் தட்டுறனீங்கள்? யசோவுக்குக் குளிருது!"

"வலப்பக்கம்!" என்று கத்தினேன். நான் இடப்பக்கம்தான் தட்டுவேன்.

உள்ளே ஓடினான். தட்டித் தட்டிப் பார்த்தான். பிறகு இருவரும் ஒரே போர்வைக்குள் ஒட்டி உட்கார்ந்தார்கள். நான் வாங்கிய போர்வை.

வீட்டைக் கடக்க இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது.