சாட்சிக் கையெழுத்து

முதுநிலை பிசியோதெரபிக்கு விண்ணப்பிப்பவர்கள் யாருடைய பழைய காயத்தையாவது வலிக் கையுறையில் உணர்ந்து, பதிவுசெய்து அனுப்ப வேண்டும். அடிபட்ட நொடி அப்படியே திரும்பி வரும். வீட்டில் இன்னொருவரும் அதே வலியை அனுபவித்துச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

வான்மதி கையுறையை மாட்டி அம்மாவின் தோள்பட்டையைப் பிடித்தாள்.

"அது பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததுடி. அத விட்டுட்டு முழங்காலப் பாரு."

முதல் உதையிலேயே வான்மதி தரையில் சுருண்டாள். தோளை அழுத்திய கையின் மோதிரம் சதையில் பதிந்தது. நாலாவது உதையில் எலும்பு முறிந்தது. அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா பேனாவோடு வந்து உட்கார்ந்து, மோதிரக் கையை நீட்டினார். அவள் கையுறையை அவருக்கு மாட்டி இறுக்கினாள்.

"ரொம்ப வலிக்குமா?"

"நாலு உதைதான்ப்பா."