போய் வரச் சொன்ன குமிழ்கள்

குமமோத்தோ நகரத்து ஆய்வகம் ஒன்றில் தொமோயோ என்ற பெண்மணி, கண்ணுக்குப் புலப்படாத நுண்குமிழ்களைச் செய்து வந்தார். அவை புற்றுநோய் மருந்தைச் சுமந்து இரத்தத்தில் சென்று, கட்டியை அடைந்ததும் உடைந்து கரைந்துவிட வேண்டும். அவை திரளாக இருந்தால் இருட்டில் பச்சையாக ஒளிரும்.

ஒருநாள் அந்த மருந்து அவருடைய கணவர் யோஷியாகிக்கே ஏற்றப்படவிருந்தது. குடுவையிலிருந்து மருத்துவமனைக் குப்பிக்கு மாற்றி அனுப்புகையில், வீட்டு வாசலில் தினமும் சொல்லிப் பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது: “பத்திரமா போயிட்டு வாங்க.”

உடன் பணிபுரியும் இவாசே சிரித்தார். “அக்கா, அதுங்க அங்கேயே உடையணும். திரும்பி வரச் சொன்னா எப்படி?”

“ஐயையோ, வாய் தவறிடுச்சுப்பா. சொன்ன பேச்சைக் கேட்டுடப் போகுதுங்க!”

“உங்க வீட்டுக்காரர் கேட்கிறாரா என்ன? அது மாதிரிதான் இதுவும்.”

தொமோயோவும் சிரித்தார், ஆனால் அன்றிரவு உறங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து கணவர் தொலைபேசியில் அழைத்தார். “கட்டி கரைஞ்சிடுச்சாம். சாயங்காலம் மீன் வறுத்து வை.”

தொமோயோ கண்களைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குக் கிளம்ப விளக்கை அணைத்தார். அன்று மருந்தை மாற்றிவிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த அதே குடுவை பச்சையாக ஒளிர்ந்தது. அதை அலசி, அந்த நீரில் ஒரு சொட்டைக் கருவியில் வைத்துப் பார்த்தார். குமிழ்களில் ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. ஒன்றிலும் மருந்து இல்லை.

அவர் இருட்டில் குடுவையின் முன் தலைதாழ்த்தி, வீட்டில் சொல்வதுபோலவே சொன்னார்: “வந்துட்டீங்களா, வாங்க.”

வீடு வந்து சேர்ந்தவர்கள் விளக்கணைத்துப் படுப்பதுபோல, ஒளி மெல்ல அடங்கியது.