பூண்டு மாலை

"கடைசி ஆகாம மட்டும் காப்பாத்து முருகா. வர்ற கிருத்திகைக்கு மொட்டை போட்டுக்கிறேன்."

ஓட ஆரம்பிக்கும் முன்பே ஞானவேல் வேண்டிக்கொண்டார். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவர் அவர். கடையிலிருந்து நாலு எட்டு வைத்தால் மொட்டை போடும் இடம் வந்துவிடும்.

கொடைக்கானலுக்கு மேலே, கவுஞ்சியில் வருஷா வருஷம் நடக்கும் ஓட்டம் அது. பேருக்குத்தான் மாரத்தான். தோட்டத்து வரப்பு, சோலைக்காடு, சறுக்கலான ஒத்தையடிப் பாதை என்று மொத்தம் இருபத்தோரு கிலோமீட்டர். ஓடுபவர்கள் நாற்பத்து மூன்று பேர். முதலில் வருபவருக்குக் கம்பளி. கடைசியில் வருபவருக்கு, ஊரே கூடி நின்று கைதட்ட, மலைப்பூண்டில் கட்டிய மாலை. ஊர்க்காரர்களுக்கு அது ஒரு விளையாட்டு.

போன வருஷம் அந்த மாலை ஞானவேல் கழுத்தில் விழுந்தது. அவர் வந்து சேர்ந்தபோது, முதலில் வந்த ஆள் கம்பளியை வாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போயே போயாச்சு. மாலையும் கழுத்துமாக ஞானவேல் நின்ற போட்டோ அவருக்கு முன்னால் பழனி போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து அடிவாரத்தில் அவர் 'பூண்டு ஞானவேல்'. மனைவி முருகேஸ்வரியே ரசத்துக்குப் பூண்டு உரிக்கும்போது அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஆறாவது கிலோமீட்டரில் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரே ஓர் ஆள்.

சேலைக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டரில் ஊக்கு குத்திய நாற்பத்து மூன்றாம் நம்பர், காலில் ரப்பர் செருப்பு. ஐம்பது வயதிருக்கும். உள்ளூர்க்காரர், பொன்னுத்தாய்.

ஞானவேலுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"என்னக்கா, செருப்போட ஓடுறீங்க?"

"ஷூ போட்டா சறுக்குது தம்பி. நீங்க முன்னால போங்க, நான் பைய வாரேன்."

சொன்னபடியே வந்தார். கேரட் தோட்டத்தில் நின்று தண்ணீர்க் குழாயை அடுத்த பாத்திக்குத் திருப்பினார். கயிற்றில் சிக்கிய கன்றுக்குட்டியைத் திட்டிக்கொண்டே அவிழ்த்துவிட்டார். ஓரிடத்தில் ஒரு கட்டுப் புல்லே அறுத்து வைத்தார். ஆனாலும் ஞானவேல் திரும்பும்போதெல்லாம் பத்தடி பின்னால், மூச்சுகூட வாங்காமல் வந்துகொண்டிருந்தார்.

"இப்படி நடுவுல சோலி பாத்தா எப்படிக்கா ஜெயிக்கிறது?"

"வெள்ளனே கெளம்பி வந்தாச்சு. ரெண்டு சோலியும் முடிஞ்சா நல்லதுதானே தம்பி."

ஞானவேலுக்குப் பாட்டே வந்துவிட்டது. வழியில் கொடுத்த வாழைப்பழம் இரண்டில் ஒன்றைத் தின்றார், மற்றதை மைக்காகப் பிடித்துக்கொண்டு பாடினார். தோட்டத்தில் களை எடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் கையசைத்தார்.

பதினெட்டாவது கிலோமீட்டர் ஏற்றத்தில் பாட்டு நின்றது. தொடை பிடித்துக்கொண்டது. கல்லில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தவரை, "பாத்து வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் பொன்னுத்தாய் தாண்டிப் போனார்.

முருகேஸ்வரி பூண்டு உரிக்கும் காட்சி கண்முன் வந்தது. ஞானவேல் நொண்டினார், ஓடினார், மறுபடி நொண்டினார்.

கைதட்டல் காதில் விழும் தூரம். கடைசி வளைவில், பாதை ஓரமாகப் பொன்னுத்தாய் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா ஆச்சு?"

"கால் பெரண்டுக்கிருச்சு போல தம்பி."

ஞானவேல் நின்றார். கைகொடுத்துத் தூக்கினால் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். எல்லைக் கோட்டை யார் முதலில் மிதிப்பது என்ற கேள்வி வரும். நினைக்கும்போதே பூண்டு வாடை அடித்தது.

"இருங்கக்கா, வெரசாப் போயி ஆளை அனுப்புறேன்."

ஓடினார். நாற்பத்து இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டினார். இரண்டு கையையும் தூக்கிக் குதித்தார். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரைக் கட்டிப்பிடித்தார். முருகேஸ்வரிக்குப் போன் போட்டு, "கடைசி இல்லடி, கடைசிக்கு முந்தினது" என்று கத்தினார். மொட்டைக்குப் போகப்போகும் தலையை ஆசையாகத் தடவிக்கொண்டார். ஆளை அனுப்பத்தான் மறந்துபோனார்.

கொஞ்ச நேரத்தில் பொன்னுத்தாய் தானே வந்து சேர்ந்தார். விசில் பறந்தது. பூண்டு மாலைக்குச் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தார்.

ஜெயித்தவருக்குப் புத்தி சொல்லும் உரிமை உண்டே. ஞானவேல் பக்கத்தில் போனார்.

"அடுத்த வருசம் சோலியெல்லாம் முடிச்சுட்டு வாங்கக்கா. ஓட்டம்னா ஓட்டத்துலயே கண்ணா இருக்கணும்."

மைக் பிடித்து ஓட்டத்தை நடத்திக்கொண்டிருந்த நதியா, சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பினாள்.

"யாருக்கு சார் சொல்றீங்க? போன வருசம் முதல்ல வந்து கம்பளி வாங்குனதே இவங்கதான்."

ஞானவேல் பொன்னுத்தாயின் காலைப் பார்த்தார். வீக்கமும் இல்லை, நொண்டலும் இல்லை.

"அப்ப... கால் பெரண்டது?"

பொன்னுத்தாய் மாலையைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

"போன வருசம் நீங்க மொகம் செத்துப்போயி பஸ் ஏறுனதைப் பாத்தேன் தம்பி. விருந்தாளிய உக்கார வச்சுட்டு, வீட்டுக்காரவுக கடைசிப் பந்தியில உக்காந்தா சோறு எறங்காதா என்ன?"