சரியாக அந்த வாசலில்

“மூணு தடவை வந்தாச்சு. பிளக்கை மாத்தினே, காயிலை மாத்தினே. அப்பவும் போற வண்டி திடீர்னு நிக்குது. நீ மெக்கானிக்கா, இல்ல ஜோசியக்காரனா?”

பெரியவர் போட்ட சத்தத்தில் பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“ஐயா, எங்கிட்ட நல்லாத்தான் ஓடுது. உங்களுக்கு எந்த இடத்துல நிக்குது?”

“அந்தப் பய வீட்டு வாசல்ல.”

“எந்தப் பய?”

முன்சீட்டில் இருந்த அவர் மனைவி சொன்னாள்: “இவரு தம்பி. எங்க பொண்ணு கல்யாணத்துல போட்டோவுக்குக் கூப்பிடக் கூப்பிட, சாப்பிடப் போயிட்டாராம். பதினோரு வருஷமாப் பேச்சு இல்ல.”

“சோறு முக்கியமா, அண்ணன் முக்கியமா? நீயே சொல்லுப்பா.”

“வேற தெரு வழியாப் போகலாமே ஐயா?”

“அவனுக்குப் பயந்து நான் ஏன் சுத்திப் போகணும்?”

மெக்கானிக் பின்சீட்டில் ஏறிக்கொண்டான். பெரியவர் ஓட்டினார். மேடு, பள்ளம், சிக்னல், எங்கேயும் குறையில்லை. அந்தத் தெருவில் திரும்பி நாலாவது வீடு வந்ததும் இன்ஜின் பொட்டென்று அடங்கியது. சாவியைத் திருகினார். உறுமியதே தவிர, பிடிக்கவில்லை.

பாதி முகத்தில் சவர நுரையோடு தம்பி வெளியே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. நேரே காரின் பின்னால் போய்க் கைவைத்தார்.

“அண்ணி, செகண்ட் கியர்ல போடச் சொல்லுங்க.”

“அவன் மூக்கு ஒழுகிட்டுத் திரிஞ்சப்பவே நான் லாரி ஓட்டினவன்னு சொல்லு.”

“அந்த லாரி நின்னப்பல்லாம் தள்ளினது யாருன்னு கேளுங்க அண்ணி.”

பெரியவர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார்.

“பேசினது போதும். தள்ளுடா.”

கார் நகர்ந்தது. அப்போதுதான் மெக்கானிக் கவனித்தான். அந்த அம்மா காலடியில் விரித்திருந்த ரப்பர் மிதியடியை ஓரிடத்தில் அழுத்தி மிதித்தாள். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. மிதியடிக்கு அடியில், திருட்டுக்குப் பயந்து சிலர் மறைத்து வைக்கும் சுவிட்ச். ஒரு மிதிக்கு நிற்கும், மறு மிதிக்கு ஓடும்.

பட்டறைக்குத் திரும்பியதும் பெரியவர் பானெட்டைத் திறக்க முன்னால் போனார். அந்த அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“போன மாசம் வாயே திறக்கல. இன்னிக்கு ‘டா’ போட்டுட்டாரு. காட்டிக் குடுத்துடாதீங்க தம்பி.”

மெக்கானிக் பானெட்டுக்குள் தலையை விட்டு அங்கே இங்கே தட்டினான்.

“பழைய வண்டி ஐயா. என்ன கோளாறுன்னு பிடிபடல.”

“உனக்கு எதுதான் பிடிபட்டுது?”

அந்த அம்மா நிம்மதியாக இறங்கி, தண்ணீர் வாங்க எதிர்க்கடைக்குப் போனாள். அவள் தெருவைத் தாண்டும்வரை பெரியவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெக்கானிக்கின் காதருகே குனிந்தார்.

“வண்டியை உங்கிட்டக் காட்டலேன்னா அவளுக்குச் சந்தேகம் வந்துடும். அதான் கத்தறேன், மனசுல வச்சுக்காதே. மிதியடிக்குக் கீழே நான் எப்பவோ வச்ச சுவிட்ச் ஒண்ணு இருக்கு. நான் மறந்துட்டேன்னு அவ நெனப்பு. ரொம்ப இறுக்கமாப் போச்சு. அவளுக்கு முழங்கால் வலிப்பா. லேசா மிதிச்சாலே நிக்கிற மாதிரி பண்ணிக் குடு.”