வால் இல்லாத படங்கள்

திமிங்கிலத்தின் வாலின் அடிப்பக்கம் நம் கைரேகை மாதிரி. ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. கலிபோர்னியாவின் மான்டரே கடற்கரை அலுவலகத்தில் வால் படங்களைப் பார்த்து ஒவ்வொரு திமிங்கிலத்தையும் அடையாளம் காண்பதுதான் நோரீனின் வேலை.

அலுவலகக் கேமராவில் படம் எடுத்துத் தரும் தன்னார்வலர்களில் ஒருவரான சால்வடோரை அன்று வரச் சொல்லியிருந்தாள். அவர் மஞ்சள் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.

“மூணு வருஷமா பாறை மேல நின்னு படம் எடுக்கறீங்க. ஒண்ணுலகூட வால் இல்லையே! கேமராவைத் திருப்பிக் கொடுத்துடுங்க.”

“கை நடுங்குதும்மா.”

“நடுங்குற கையா இது?”

கணினியில் ஒரு படத்தைப் பெரிதாக்கினாள். திமிங்கிலம் ஓரத்தில் மங்கலாகத் தெரிந்தது. நடுவில் சுற்றுலாப் படகு. அதன் முன்புறம் தொப்பி போட்ட பெண் ஒருத்தி பளிச்சென்று நின்றாள். அடுத்த படத்திலும் அவளேதான்.

“படகோட்டுற ஜீனாதானே இது?”

“என் பொண்ணு. எங்க மீன்பிடிப் படகை நான் வித்ததிலேர்ந்து என்னோட பேசறதில்ல. திமிங்கிலம் கிட்ட வந்தா இன்ஜினை நிறுத்தணுமில்ல, அப்பதான் அவ வெளியே வருவா.” கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பினார்.

“எங்க கிளம்பிட்டீங்க? உட்காருங்க. நாலு மணிக்கு அவளும் கேமராவைத் திருப்பித் தர வரா. அவ எடுத்ததுலயும் வாலே இல்ல.”

வாலை மட்டுமே தேடிப் பழகிய நோரீன், ஜீனா படகிலிருந்து எடுத்த படங்களை இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே பாறை. அதன்மேல் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு.