சிவப்பு ஜாக்கெட் விழுந்த படம்

“மூணு வருஷத்துக்கு முன்னாடி, இதே படகுத்துறையில சிவப்புக் குளிர் ஜாக்கெட் போட்ட ஒரு அம்மாவ விரட்டினது நீங்கதானே?”

கேட்டுவிட்டுக் குராமோச்சி மூச்சு வாங்கினார். எழுபத்திரண்டு வயதில், தோளில் ஆறு கிலோ கேமராப் பையோடு மூன்று நாளாக விடியற்காலையில் இந்த ஏரியைச் சுற்றி வருகிறார். கேமரா முக்காலி வைத்து நிற்கும் ஆள் ஒருவரையும் கேட்காமல் விடவில்லை.

தோகாஷி தன் கேமராவிலிருந்து தலையை நிமிர்த்தினார். மேலே சாலையோரத்தில் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவர். விடிந்தால் ஏரி, பதினோரு மணிக்குக் கடை. மழை பெய்தாலும் அதுதான்.

“விரட்டினேனா? யார் சொன்னது?”

“என் சம்சாரமே சொன்னா. ‘ஒருத்தர் விலகிப் போன்னு கத்தினாரு, பக்கத்துல டக்குன்னு கேமரா சத்தமும் கேட்டுச்சு, யாரோ படத்துல நான் விழுந்துட்டேன்’னு சிரிச்சா. பயப்படாதீங்க, சண்டைக்கு வரல. அந்தப் படம் எனக்கு வேணும்.”

“கெட்டுப்போன படத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?”

“அவ போயிட்டா. வர்ற ஞாயித்துக்கிழமை நாப்பத்தொம்பதாம் நாள் காரியம்.”

தோகாஷி தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

“ஈமச் சடங்குல வைக்க ஒரு படம் கிடைக்கல. தெருக்காரங்க சுற்றுலா போனப்ப எடுத்த கூட்டப் படத்துலேருந்து, கடுகு மாதிரி இருந்த முகத்தைப் பெருசு பண்ணி வெச்சோம். என் பொண்ணே ‘யாருப்பா இது?’ன்னு கேக்குறா. வீட்டுல முப்பதாயிரம் படம் கிடக்கு. மலை, அருவி, ஏரி. கினுயோ மட்டும் ஒண்ணுலயும் இல்ல.”

இருந்தால்தானே ஆச்சரியம்? ஒரு ஃபிலிம் சுருளுக்குப் பத்தே படம். இயற்கைக் காட்சியில் மனிதத் தலை தெரிந்தால் படமே பாழ் என்பது அவர் கட்சி. முக்காலியையும் டீ பிளாஸ்க்கையும் தூக்கிக்கொண்டு மலை ஏறி வருவது மட்டும் கினுயோ. “பத்துல ஒண்ணு எனக்குக் குடுத்தா கொறஞ்சா போயிடுவீங்க?” என்று அவள் கேட்பாள். “அடுத்த சுருள்ல பாக்கலாம்” என்பார். நாற்பது வருடத்தில் அந்த அடுத்த சுருள் வரவே இல்லை.

“எனக்கு ஞாபகம் இருக்கு” என்றார் தோகாஷி. “அன்னிக்கு நீங்க எங்க நின்னீங்க?”

“எதிர்க்கரையில, அந்தப் படகுக் கொட்டகை ஓரமா. அங்க வேற ஒரு ஈ காக்கா இல்ல. அவளை எங்கயாவது போய் நில்லுன்னு அனுப்பிட்டேன். ஏரியைச் சுத்திக்கிட்டு இங்க வந்திருக்கா போல.”

ஏரி என்று பெயர்தான். இந்தக் கரையில் தும்மினால் அந்தக் கரையில் கேட்கும். தோகாஷி சற்று நேரம் எதிர்க்கரையைப் பார்த்தார். பிறகு கேமராவைக் கழற்றிப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார்.

“அந்தப் படத்தை அப்பவே வெட்டித் தூக்கிப் போட்டுட்டேங்க.”

“பொய் சொல்லாதீங்க. நானும் இதே பைத்தியம் பிடிச்சவன்தான். ஃபிலிமை மூணு மூணு படமா வெட்டித்தானே உறையில போடுறோம்? நல்ல படத்துக்கு நடுவுல இருக்குறதை எவன் தனியா வெட்டி எறிவான்?”

“கிடைச்சாலும் உங்களுக்கு உதவாது.”

“ஏன் உதவாது? இவ்வளவு பெரிய ஃபிலிம். முகத்தை மட்டும் எடுத்து சுவர் அளவுக்குக்கூடப் பெருசாக்கலாம்.” குராமோச்சியின் குரல் ஏறியது. “ஒரு படம் வீணாப் போச்சேன்னு இன்னும் கோபமா உங்களுக்கு? ஒரு பொம்பளைய விரட்டத் தெரிஞ்சுது, அவ முகத்தை ஒரு தடவ காட்ட மனசு வரலையா?”

குராமோச்சி ஈரக் கற்களின் மேல் மண்டியிடப் போனார். தோகாஷி பதறிப்போய் அவர் கையைப் பிடித்துத் தூக்கினார்.

“வேண்டாங்க, எந்திரிங்க. கடைக்குப் போவோம்.”

கடையில் சூடாக டீ வைத்தார். உள்ளே போய் ஃபிலிம் உறைகள் அடுக்கிய ஒரு ஃபைலை எடுத்து வந்தார். வந்தவர் அதைக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“கடைசியாச் சொல்றேன். பாக்காமப் போயிடுங்க.”

“குடுங்கய்யா.”

குராமோச்சி அந்த ஸ்லைடு ஃபிலிம் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். நடுப் படத்தில், படகுத்துறையின் நுனியில் சிவப்பு ஜாக்கெட். கினுயோதான். ஆனால் முதுகு மட்டும்தான் தெரிந்தது. தண்ணீரைப் பார்த்துத் திரும்பி, இடுப்பு வளைய, தலை முழங்காலுக்கு வர, யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக் குனிந்திருந்தாள்.

“நான் கத்தலைங்க” என்றார் தோகாஷி தரையைப் பார்த்தபடி. “சத்தம் எதிர்க்கரையில இருந்து வந்துச்சு.”

குராமோச்சி பூதக்கண்ணாடியை மெல்ல மேலே நகர்த்தினார். தண்ணீருக்கு அந்தப்பக்கம், படகுக் கொட்டகை ஓரத்தில், அரிசி அளவில் ஓர் ஆள் தன் கேமராவிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், ஒரு கையை வீசி அவளை விரட்டிக்கொண்டிருந்தான்.