காதல் காட்சியில் கடமுடா

“உன் மனசு பேசறது எனக்குக் கேட்குது” என்று கதாநாயகன் உருகிச் சொன்ன அந்த நொடியில், கடமுடா என்றது ஒரு வயிறு.

வானொலி நாடகத்தில் வயிற்றுக்கு வசனம் கிடையாது.

சிவப்பு விளக்கு அணைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் அம்மா ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கதாநாயகிக்குக் குரல் கொடுக்க வந்த புதுப்பெண்ணுக்குக் காது மடல்வரை சூடேறியது. போன வாரம் முழுக்க இதே கூத்துதான். தொண்டைப் புண்ணுக்கு டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக், தொண்டையைச் சரிசெய்த கையோடு வயிற்றைக் கலக்கிவிட்டது. பதிவெல்லாம் பாழ். “இன்னைக்கும் சொதப்பினா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்மா” என்று இயக்குநர் அம்மா காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

கூட்டத்தில் ஒருத்தியாக ‘ஐயோ, அம்மா’ என்று கத்திக் கத்தியே காலம் தள்ளியவளுக்கு இப்போதுதான் பெயர் சொல்லும்படி ஒரு வேடம் வாய்த்திருந்தது. அது கைவிட்டுப் போய்விடக் கூடாது.

அதற்காகத்தான் மருந்துக்கடை அக்கா சொன்ன புரோபயாடிக் கேப்ஸ்யூலை ஒரு வேளைகூட விடாமல் போட்டுக்கொண்டிருந்தாள். ஆன்டிபயாடிக் கெட்ட கிருமியைத் துரத்தும்போது வயிற்றிலிருக்கும் நல்லதையும் சேர்த்துத் துரத்திவிடுமாம். நல்லதைத் திரும்பக் குடிவைக்கத்தான் இது. இரண்டையும் ஒன்றாக விழுங்கிவிடக் கூடாது, நடுவே இடைவெளி வேண்டும் என்று போனில் அலாரம் வேறு.

அது அடிக்கும்போதெல்லாம் கதாநாயகனுக்கு ஒரே சிரிப்பு. அவரை நிலையத்தில் எல்லோரும் கணீர் அண்ணன் என்பார்கள். மூன்று அறை தள்ளி நின்றாலும் அவர் பேசுவது கேட்கும்.

“கொல்ல ஒண்ணு, வளர்க்க ஒண்ணா? அது என்ன வயிறா, கோழிப்பண்ணையாம்மா?”

இரண்டு நாளாக அவள் வயிறு சமர்த்தாகத்தான் இருந்தது. இன்றைக்கென்று என்ன வந்தது இதற்கு? கையை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

“பாவம், சின்னப் பொண்ணு. இன்னொரு வாய்ப்பு கொடுங்க” என்று கணீர் அண்ணன் பெரிய மனசோடு சிபாரிசு செய்தார்.

இன்னொரு டேக். இன்னொரு கடமுடா.

இயக்குநர் அம்மா பெருமூச்சு விட்டார். இருவரும் தனித்தனியாகப் பேசட்டும், பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்றார். முதலில் அவள்.

கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். காதல், கோபம், அழுகை எல்லாம் ஒரே மூச்சில். அறையில் ஈ பறக்கும் சத்தம்கூட இல்லை. கண்ணைத் திறந்தபோது இயக்குநர் அம்மா கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அப்பாடா! வேடம் அவளுக்குத்தான். குதிக்க வேண்டும்போல இருந்தது.

வெளியே வந்து இயக்குநர் அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள். உள்ளே கணீர் அண்ணன் மட்டும். சிவப்பு விளக்கு எரிந்தது.

அவர் இன்னும் வாயையே திறக்கவில்லை. ஸ்பீக்கர் கடமுடா என்றது.

இயக்குநர் அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒரே மைக்கில் வாரக்கணக்காக முகத்தோடு முகம் வைத்துக் காதலித்தவர்களில் ஒருவருக்கு மட்டுமா தொண்டைப் புண்ணும் ஆன்டிபயாடிக்கும் வரும்?

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த கணீர் அண்ணன் அவள் காதருகே குனிந்தார். அவ்வளவு சின்னக் குரல் அவருக்கு உண்டென்று அதுவரை யாருக்கும் தெரியாது.

“தங்கச்சி… அந்தக் கேப்ஸ்யூல் எந்தக் கடையில கிடைக்கும்?”